நகைப் பெட்டியோடு வந்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நடுவில் என் வாயே சொல்லிவிடும். அப்படி ஒரு வாய் எனக்கு.

வாங்கியவள் என் சிநேகிதி. டெக்சாஸில் இருக்கும் பேர்லேண்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது பழக்கமானவள். அவள் ஈரோட்டுப் பக்கம், நான் சென்னை. அவள் ஆடு, கோழி, முயல் எல்லாம் சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. இதனாலெல்லாம் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. இட்லி அரைக்கும் கிரைண்டரிலிருந்து கார் வரைக்கும் அவள் நான் இல்லாமல் எதுவும் வாங்கியதில்லை, நானும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடைக்குள் நுழைந்தால் விற்பவன் பாடு திண்டாட்டம்.

எங்களுக்குள் ஒரே ஒரு வித்தியாசம் பெரியதாக இருந்தது. அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் கிரீன் கார்டு எப்போதோ வந்துவிட்டது. நான் அப்போதும் வேலை விசாவில் இருந்தேன். என் கணவர் வேலைக்குப் போவதே என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான். மகள் இங்கே பிறந்தவள், அவளை யாரும் எதுவும் செய்ய முடியாது. எங்கள் இருவரையும் ஒரு கையெழுத்தில் ஊருக்கு அனுப்பிவிடலாம். பல வருடம் காத்திருந்து ஒரு வழியாக எங்கள் முறை வந்து, கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குத் தேதி வரும் என்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் ரோட்டில் தும்மக்கூட யோசிப்போம். என் கணவர் காரை ஸ்பீட் லிமிட்டுக்குக் கீழேயே ஓட்டி, பின்னால் வருகிறவர்களிடம் ஹார்ன் வாங்கிக்கொண்டு வருவார்.

அவளுக்குத் துப்பாக்கி ஆசை ஆபீஸில் தொற்றியது. கூட வேலை பார்க்கும் பெண்கள் சிலர் சனிக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போய்க் காகித வட்டங்களைச் சுடுவார்கள். ஒரு தடவை இவளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சுடும்போது மண்டைக்குள்ளே ஒரு மீட்டிங்கும் ஓடவில்லை என்று சொன்னாள். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு ஊருக்கு வெளியே நிலம் இருந்தது. அங்கே போய் முயலும் சுடலாம், குழம்பும் வைக்கலாம் என்று என் சிநேகிதி கணக்குப் போட்டாள். இவள் வீட்டு அவரைக் கொடியை முயல்கள் மொட்டையடித்திருந்த கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது.

கடை ஃப்ரீவே ஓரத்தில், மெத்தைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால் நரைத்த தாடிக்காரர் ஒருவர். சுடிதார் போட்ட இரண்டு பெண்கள் உள்ளே வந்ததைப் பார்த்து அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்டார். குறி பார்த்துச் சுடுவதற்கு, அப்புறம் முயல், அணில் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் பாயின்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டா போடும் துப்பாக்கி போதும் என்றார். சத்தம் குறைவு, கையை உதைக்காது, தோட்டா மலிவு, வேண்டிய மட்டும் சுட்டுப் பழகலாம். பெரிய தோட்டாவால் முயலைச் சுட்டால் தின்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்றும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரப்பர் விரிப்பின் மேல் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது ரிவால்வர். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் விசையை இழுக்க அவள் விரல் திணறியது. வருடக்கணக்காகக் கீபோர்டு தட்டி அவள் மணிக்கட்டு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. இரண்டாவது லேசானது, பிடியெல்லாம் பிளாஸ்டிக். அவள் கைக்கு அடக்கமாக இருந்தது. அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று முடிவுக்கு வந்துவிட்டாள். நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். நீட்டினாள். முனை ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவதில் குழல் நீளமாகவும் தடியாகவும் இருந்தது, முழுக்க இரும்பு. குறி பார்க்கும் இடத்தில் சின்ன திருகாணி வைத்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். கனமாக இருக்கிறது, வேண்டாம் என்று அவள் முகம் சுளித்தாள். கடைக்காரர் அதை என் பக்கம் நீட்டினார், நானும் வாங்கிவிட்டேன். முன்பக்கம் எடை இழுத்ததால் கை அசையாமல் நின்றது. எதிர்ச் சுவரில் இருந்த மான் தலையின் கண் மேல் அது தானாகப் போய் உட்கார்ந்தது. என் ஆள்காட்டி விரலும் என்னைக் கேட்காமல் விசைக்குப் போயிருந்தது. அவர் என் மணிக்கட்டை லேசாகத் தொட்டு, சுடுவது என்று முடிவு செய்யும்வரை விரல் வெளியே இருக்க வேண்டும் என்றார். எனக்கு உடம்பு கூசியது. அதோடு அந்த எடை கைக்குப் பிடித்தும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

"கனமா இருந்தாதான்டி ஆடாது. இதையே எடு" என்று அவளிடம் சொன்னேன். அவள் எடுத்தாள்.

காசு கட்டும் முன் அவர் ஒரு தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டு விரல் நுனி அளவுகூட இல்லை. இதில் தீப்பற்றும் மருந்து நடுவில் கிடையாது, அடிவிளிம்பைச் சுற்றித் தடவியிருக்கும், சில சமயம் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும் என்றார். அப்போது விசையை இழுத்தால் டிக் என்று சத்தம் மட்டும் வரும். வெடிக்கவில்லையே என்று திருப்பிப் பார்க்கக் கூடாது, முனையை அப்படியே குறிப்பக்கம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தாமதமாகவும் வெடிக்கும். சின்னதாக இருப்பதால் எல்லாரும் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள், இது ஒரு மைலுக்கு மேலும் போகும், மனிதனையும் கொல்லும் என்று விலை சொல்வது போலவே சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கடையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

முயல் சுட வேட்டை லைசென்ஸ் வேண்டுமாம். அதற்கான பாடத்தைக் கம்ப்யூட்டரில் படித்து ஏற்கெனவே பாஸ் பண்ணியிருந்தாள். லைசென்ஸையும் அதே கவுண்டரில் எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒன்று எடுக்கச் சொன்னாள். சும்மா பர்ஸில் இருக்கட்டும், நிலத்துக்கு வரும்போது துணைக்கு ஆகும் என்றாள். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவள் நான், என் பெயரில் வேட்டை லைசென்ஸா என்று சிரித்துவிட்டேன். என் மாமியாருக்குத் தெரிந்தால் வீட்டையே தண்ணீர் விட்டு அலம்புவார் என்றும் சொன்னேன். அவளும் சிரித்தாள். டோனட் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு துப்பாக்கியை நான் மறந்தே போனேன். வாரா வாரம் ஓட்டை விழுந்த காகிதங்களைப் படம் எடுத்து அனுப்புவாள். முதலில் மூலைக்கு மூலை இருந்த ஓட்டைகள் போகப்போக நடு வட்டத்துக்குள் நெருங்கின. ஒரு நாள் ஒரு குழம்புச் சட்டியின் படம் வந்தது. அதற்கு மட்டும் நான் பதில் போடவில்லை.

கோடை விடுமுறையில் தம்பி மகளின் கல்யாணத்துக்காக அவளும் வீட்டுக்காரரும் ஈரோட்டுக்குக் கிளம்பினார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் அது உண்டு. ஊருக்குப் போகும்போது நகைப் பெட்டியை இன்னொரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்பது இந்த ஊர்த் திருடர்களுக்கு மனப்பாடம். வாசலில் செருப்புகள் கிடப்பதையும் நிலையில் தோரணம் தொங்குவதையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பேங்க் லாக்கர் இருக்கிறதே என்று கேட்டால், அவசரத்துக்கு எடுக்க முடியாது என்போம். நான் சென்னைக்குப் போனால் என் பெட்டி அவள் வீட்டில் இருக்கும், அவள் போனால் அவளுடையது என் வீட்டில்.

கல்யாணத்துக்கு வேண்டியதைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு, மீதியைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தாள். கூடவே சீட் பெல்ட் போட்டு உட்கார்த்திய கறிவேப்பிலைத் தொட்டி, வீட்டுச் சாவி, அலாரம் நம்பர். கடைசியாக டிக்கியிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தாள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இது எதற்குடி என்றேன்.

"இதையும் வச்சுக்கோ கண்ணு. காலி வீட்டுல போட்டுட்டுப் போனா எவனாச்சும் தூக்கிட்டுப் போயி எவனையாச்சும் சுட்டுப்போடுவான். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

தோட்டா உள்ளே இல்லை, பூட்டியிருக்கிறது, சாவி பெட்டியின் கைப்பிடியிலேயே கட்டியிருக்கிறது என்றாள். பூட்டிவிட்டுச் சாவியை அதிலேயே கட்டுகிற புத்தியை என்னவென்று சொல்ல. ஃபிளைட்டுக்கு நேரமாகிவிட்டதால் திட்டாமல் வாங்கிக்கொண்டேன். எங்கள் அறையில் துணி வைக்கும் குளோசட்டில், குளிர்கால கோட்டுகளுக்குப் பின்னால், பிஸ்கட் டின் பக்கத்திலேயே வைத்தேன்.

இன்டர்வியூ தேதி அடுத்த வாரமே வந்தது. அன்றைக்கு நான் ரவா கேசரி கிளறினேன். என் கணவர் அந்தக் காகிதத்தைச் சாமி படத்தின் முன் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

இன்டர்வியூவுக்கு முன் எங்கள் விசா வேலையைப் பார்க்கும் வக்கீல் அம்மாள் போனில் கூப்பிட்டுத் தயார் செய்வார். கேள்விகளைப் படபடவென்று கேட்டுக்கொண்டே போனார். போலீஸில் பிடிபட்டதுண்டா, டிராஃபிக் டிக்கெட் உண்டா, ஏதாவது இயக்கத்தில் உறுப்பினரா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் துப்பாக்கி எதுவும் இல்லையே என்று அதே வேகத்தில் கேட்டார்.

என்னுடையது எதுவும் இல்லை என்றேன். 'என்னுடையது' என்று ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்படியானால் யாருடையது இருக்கிறது என்று கேட்டார். ஊருக்குப் போன சிநேகிதி ஒருத்தி, என்று ஆரம்பித்தேன். அவர் என்னை அங்கேயே நிறுத்தினார். இதற்கு மேல் நீங்கள் சொல்வதை நான் கேட்க விரும்பவில்லை, பொதுவான சட்டத்தை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தே உங்கள் வீட்டில், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாலே போதும். ஜெயிலும் உண்டு, நாடு கடத்துவதும் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. "உங்களிடம் வேட்டை லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார்.

என் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவர் அதைச் சிரிப்பு என்று நினைத்திருப்பார். இப்போது எடுத்தால் அதில் இன்றைய தேதிதான் இருக்கும், நேற்றைக்கு அது உதவாது என்றார். அடுத்த முறை நான் இதே கேள்வியைக் கேட்கும்போது இல்லை என்ற ஒரு சொல் மட்டும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. அடுப்படியில் நின்றால் மாடியில் குளோசட் இருப்பது தெரிந்தது. வாசலில் பார்சல் வண்டி நின்றால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். என் கணவர் முதலில் அவளைத் திட்டினார், பிறகு வாங்கி வைத்ததற்காக என்னைத் திட்டினார், பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இப்போதாவது லைசென்ஸ் எடு என்றார். இன்டர்வியூவுக்கு முந்தின வாரத் தேதி போட்ட வேட்டை லைசென்ஸைப் பார்த்து, இது திடீரென்று எதற்கு என்று எவனாவது கேட்டால் என்ன சொல்வது என்று மறுத்தேன். போலீஸில் கொடுத்துவிடலாம் என்றார். கொடுக்கும்போது என் பெயரைத்தானே முதலில் கேட்பார்கள். சிட்டிசன்ஷிப் வாங்கிய அங்கிள் யாரையாவது எடுத்துப் போகச் சொல்லலாம் என்றார். கோயில் மைக்கில் அறிவிப்பதும் அங்கிளிடம் சொல்வதும் எங்கள் ஊரில் ஒன்றுதான்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேன். கல்யாண வீடு. போனை எடுத்தவுடனே ஸ்பீக்கரில் போட்டு அத்தை, சித்தி, பெரியம்மா என்று எல்லாருக்கும் கொடுத்தாள். அவள் துப்பாக்கி வைத்திருப்பது அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எழுதி அனுப்பவும் பயமாக இருந்தது. திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று எங்கள் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் பேச்சாக இருந்த நேரம். விசாக்காரர்கள் ஒன்றையும் எழுத மாட்டோம். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதினது நிற்கும். தனியாக இருக்கும்போது கூப்பிடு, ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றும், மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கும் படம் ஒன்றும் பதிலாக வந்தன. அவள் கூப்பிடவில்லை.

அதன் பிறகுதான் முடிவு செய்தோம். அவள் வீட்டுச் சாவிதான் கையில் இருக்கிறதே, கொண்டுபோய் அவள் குளோசட்டிலேயே வைத்துவிடுவது. காரில் எடுத்துப் போவதும் கையில் வைத்திருப்பதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பத்து நிமிஷ தூரம். அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் எப்படியாவது கடந்துவிடலாம் என்று நினைத்தோம்.

சனிக்கிழமை காலையில் மகளை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டுப் போனோம். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, ஒரு இலை அசையவில்லை. டிக்கியில் அரிசி மூட்டைக்கு அடியில் பெட்டி. இரண்டாவது சிக்னலில் ஒரு போலீஸ் கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. பச்சை விழுந்தது, அதுவும் கூடவே வந்தது. என் கணவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காதே என்றார். நான் கந்தசஷ்டி கவசத்தை ஆரம்பித்து, பாதியில் வரி மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெட்ரோல் பங்கு வந்ததும் அந்தக் கார் உள்ளே திரும்பிவிட்டது.

அவள் வீடு அடைத்துக் கிடந்த வெப்பத்தோடு எங்களை உள்ளே விட்டது. ஆள் இல்லாத வீட்டில் நம் காலடிச் சத்தமே யாரோ நடப்பது போலக் கேட்கும். பட்டுப் புடவைகள் வைத்த பைக்குப் பின்னால் பெட்டியைச் செருகினேன். நல்ல வேளையாகச் சாவியை அதிலிருந்து அவிழ்த்து அவள் மேஜை டிராயருக்குள் போடத் தோன்றியது. அலாரம் போட்டு, கதவைப் பூட்டி, இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு வந்தோம். அன்று மத்தியானம் மழை கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, வாரக்கணக்கில் தூங்காதவர்கள் மாதிரி தூங்கினோம். வக்கீல் அம்மாள் அடுத்து கூப்பிட்டபோது இல்லை என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். குட் என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஈரோட்டிலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அங்கே ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் அலாரம் அடித்ததாகக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்களாம், போலீஸ் போயிருக்கிறதாம். நீ போய்ப் பார் கண்ணு, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றாள். துப்பாக்கியை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன். போகிற வழியெல்லாம் அவள் டி.வி.யையும் லேப்டாப்பையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

பின் கதவை உடைத்திருந்தார்கள். அரிசி டிரம்மைக் கவிழ்த்துத் தேடியிருந்ததால் அடுப்படி முழுக்க அரிசி. சாமி அலமாரியைக் காலி செய்து, பிள்ளையாரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. இளம் வயது போலீஸ் ஆபீஸர் ஒருவர், மரியாதையான பையன், எதையும் தொடாமல் என்ன காணோம் என்று பார்க்கச் சொன்னார். அறை வாசலில் நின்றபடியே குளோசட்டைப் பார்த்தேன். பட்டுப் புடவைகள் தரையில் கிடந்தன. பைக்குப் பின்னால் சுவர் தெரிந்தது.

வீட்டுக்காரியே போனில் இருக்கிறாள் என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கம் எதுவும் வீட்டில் இல்லை, எல்லாம் சிநேகிதியிடம் என்றாள். லேப்டாப் இரண்டு இருந்தன என்றாள். வீட்டில் துப்பாக்கி ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

அவளுக்கு மீட்டிங்கில் பேசுவதற்கென்று ஒரு இங்கிலீஷ் உண்டு, நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிற மாதிரி. அதில் சொன்னாள். என்னிடம் ஒரு பிஸ்டல் இருக்கிறது ஆபீஸர், ஆனால் அதை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. உங்கள் பக்கத்தில் நிற்கிறாளே, அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆபீஸர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அப்படியா மேடம், உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த நொடியே அது இறங்கிவிட்டது, அவளுக்குத் தெரிந்த உண்மையைத்தானே சொன்னாள். ஆமாம், என் வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார். நாளைக்கு வந்து காட்டு என்றால் காட்ட ஒன்றும் இல்லை. அவளுக்கு ஞாபகப் பிசகு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தத் துப்பாக்கியை யாரும் தேட மாட்டார்கள். எவன் இடுப்பிலோ அது போய்க்கொண்டிருக்கிறது, அது திருடு போனது தெரிந்த ஒரே ஆள் நான். பள்ளி திறந்ததும் இதே ஊரில்தான் என் மகள் தெரு முனையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்பாள். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

என் வீட்டில் இருந்தது, சனிக்கிழமை நான்தான் இங்கே கொண்டுவந்து அந்தக் குளோசட்டில் வைத்தேன், இப்போது அங்கே இல்லை என்று சொன்னேன். கறுப்புப் பெட்டி, நீளக் குழல், இரும்பு என்று அடையாளமும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் என் டிரைவிங் லைசென்ஸைக் கேட்டார். விசாவில் இருப்பவர்களுக்கு டெக்சாஸில் கொடுக்கும் லைசென்ஸில், படத்துக்குப் பக்கத்தில், லிமிடெட் டேர்ம் என்று அச்சடித்திருக்கும். இந்த ஆள் கொஞ்ச நாளைக்குத்தான் இங்கே என்று அதற்கு அர்த்தம். அவர் அதை வாங்கி ஒரு தடவை படித்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் இன்னொரு தடவை படித்தார்.

"ஏங்கண்ணு, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா?" என்று அவள் தமிழில், சின்னக் குரலில் கேட்டாள்.

"இல்லடி, சரியாத்தான் சொன்னே" என்றேன்.